பனி ஏரியில் எந்த மீனுக்கு எந்த நரம்பு: என் அனுபவம்

கோடையில் ஒரே தூண்டில் நரம்பை வைத்து எல்லா மீனையும் ஒப்பேற்றிவிடலாம். உறைந்த ஏரியின் பனியில் துளை போட்டு உட்கார்ந்தால் அது எடுபடாது. மீன் குளிரில் மந்தமாக நிற்கும், இரையை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கும்.

பெர்ச் என்ற சின்ன மீனில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். துளைக்குள் கேமரா இறக்கியிருந்தோம். நாலைந்து பெர்ச் ஜிக் (எடைத் தலை வைத்த சின்னத் தூண்டில் முள்) வரை வரும், மூக்கை நீட்டும், திரும்பிவிடும். உற்றுப் பார்த்தால் ஜிக் தானாகவே மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நிலையான உருளையில் நரம்பைச் சுற்றும் ஸ்பின்னிங் ரீலில் அது ஏறி இறங்கும்போது விழுந்த முறுக்கு அவிழ்கிற வேலை அது. கூட வந்த நண்பர் தன் இன்லைன் ரீல் ராடை (தூண்டில் கோலை) நீட்டினார். அதில் நரம்பு நேராக உருண்டு இறங்குவதால் முறுக்கு அவ்வளவாக விழாது. 3 பவுண்டு இழுவை தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பு, அதே ஜிக்தான். இந்த முறை சுற்றாமல் நின்றது, அடுத்து வந்த பெர்ச் கவ்வியது. பெர்ச், அதுபோல் சின்ன மீன்களான க்ராப்பி, புளூகில் மூன்றுக்கும் 2 முதல் 4 பவுண்டு தாராளம். அதற்கு மேல் போனால் சின்ன ஜிக்கின் எடைக்கு நரம்பு நேராகவே நிற்காது, குளிரில் சுருண்டுகொள்ளும்.

வால்ஐ என்ற சற்றுப் பெரிய மீனுக்கு 6 முதல் 8 பவுண்டு. பிரெய்டு (இழைகளைப் பின்னிய நரம்பு) போட்டால் லேசான கடிகூடக் கைக்குத் தெரியும், ஆனால் கூடாரத்துக்குள் மட்டும். திறந்த வெளியில் அது ஈரத்தோடு மேலே வந்து ராடு வளையங்களில் உறைந்து அடைத்துக்கொள்ளும். வெளியே உட்கார்ந்தால் எனக்கு ஒற்றை இழை நைலான் நரம்பான மோனோதான்.

பைக் என்ற கூர்ப்பல் மீன் தனி ரகம். வால்ஐக்குப் போட்ட நரம்பில் நண்பருக்கு ஒரு பைக் மாட்டியது. இரண்டு இழுப்புதான், பிளேடால் சீவியது போல நுனி மட்டும் திரும்பி வந்தது. பைக்குக்கு டிப்-அப்பில் (மீன் கடித்தால் கொடி தூக்கிக் காட்டும் துளைத் தூண்டில்) 30 பவுண்டு டாக்ரான் என்ற பின்னிய நரம்பு, அதன் கீழே கம்பி லீடர் (நரம்புக்கும் முள்ளுக்கும் நடுவில் கட்டும் துண்டு), அதில் இரண்டு மும்முள் வைத்த குவிக்-ஸ்ட்ரைக் ரிக். மீன் இரையை விழுங்கும்வரை காத்திருக்காமல் உடனே இழுக்கலாம், முள் தொண்டைக்குள் போகாது.

ஆழத்தில் திரியும் லேக் ட்ரௌட்டுக்கு இழுபடாத பிரெய்டு, நடுவில் முறுக்கை விடுவிக்கும் சுழல் இணைப்பான ஸ்விவல், கீழே 10 அல்லது 12 பவுண்டு ஃப்ளூரோ லீடர். மாட்டிய மீன் துளைக்கு அருகில் வந்ததும் பக்கவாட்டில் ஓடும். அப்போது ராடு நுனியைத் தண்ணீருக்குள் இறக்கிப் பிடியுங்கள், இல்லாவிட்டால் பனியின் கீழ் விளிம்பில் நரம்பு உரசி அறுந்துவிடும்.

முடிச்சை இறுக்கும் முன் நனைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளூரோ உலர்வாக இறுகினால் சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். விரல் மரத்த பிறகு லீடர் கட்டுவது பெரும்பாடு, நான் வீட்டிலேயே கட்டி ஃபோம் துண்டில் சுற்றிக் கொண்டுபோகிறேன்.