பொருள்: பிரெஞ்சுக் கனடியக் குடிவழியில் 'தி' பெயர் – தமிழில் எப்படி?

அன்பர்களுக்கு வணக்கம்.

கியூபெக் குடிவழி தேடுவோருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'எனப்பட்ட' என்று பொருள்படும் 'தி' (dit) என்ற பிரெஞ்சுச் சொல்லில் நிற்கிறது. பழைய தேவாலயப் பங்குப் பதிவேடுகளில் மிவில் தி தெஷேன், ருவா தி தெஜார்தென் என்று வரும். முன்னது தந்தைவழிக் குடும்பப்பெயர். பின்னது கூட ஒட்டியது. 1665இல் பிரான்சிலிருந்து வந்த காரிஞான்-சலியேர் படையினருக்குப் படையில் இட்ட பெயர்களே பல. தகப்பன் மணப்பதிவில் ருவா, மகன் மணப்பதிவில் தெஜார்தென், அவன் தம்பி ருவாவாகவே இருப்பான். தேடுபவர் தடுமாறுவது இங்கேதான். 'மாற்றுப்பெயர்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
– ச.வே.

> மாற்றுப்பெயர்

வேண்டாம். ஒன்றை விட்டு ஒன்றைக் கொள்வது மாற்று. இங்கே இரண்டும் சேர்ந்தே பரம்பரையாக இறங்குகின்றன. பட்டப்பெயரும் ஆகாது, அது ஆளோடு போய்விடும். பெயரியலில் 'நிலப்பெயர் குடிப்பெயர் குழுவின் பெயரே, வினைப்பெயர் உடைப்பெயர் பண்புகொள் பெயரே' என்று தொல்காப்பியர் அடுக்குகிறார். பிரான்சின் ஆன்ஜூ நாட்டான் லான்ஜ்வென், அது நிலப்பெயர். கவலையற்றவன் சான்சூசி, அது பண்புகொள் பெயர். சொன்ன தொடரே பெயரான செம்புலப்பெயனீரார் நம்மிடம் இல்லையா? பொதுச்சொல்லாக 'அடைபெயர்' என்பேன்.
– ந.க.

ஐயா, அடைபெயர் என்றால் மாணவர்கள் பெயரடை என்று படிப்பார்கள். பத்திரத்திலும் வழக்கு மன்றத்திலும் 'குமார் (எ) குமரேசன்' என்று தினமும் எழுதுகிறோமே! 'தி'க்குப் பொருளும் 'எனப்பட்ட' என்பதுதான். மிவில் (எ) தெஷேன். யாருக்கும் புரியும்.
– இரா.

(எ) போட்டாலே குற்றப்பத்திரிகை நெடி வருகிறது. ஏமாற்றுவதற்காகப் பெயர் மாற்றியவன் என்று வாசகர் நினைப்பார். 'வழங்குபெயர்' போதும்.

சொல்லைவிடத் தேடும் முறையைக் கையேட்டில் தெளிவாகச் சொல்லுங்கள். மணப்பதிவில் இருவீட்டுப் பெற்றோர் பெயரும் இருக்கும். அதைப் பிடித்துப் பெற்றோரின் மணப்பதிவுக்குப் போகவேண்டும். மறுமணமானால் பெற்றோருக்குப் பதிலாக இறந்த துணையின் பெயரே பெரும்பாலும் நிற்கும். முதல் மணப்பதிவைத் தேடிப் பிடிக்காவிட்டால் கொடிவழி அங்கேயே அறுந்துபோகும். பெண்கள் பதிவேட்டில் பிறந்தவீட்டுப் பெயரோடே இருப்பதால் தாய்வழி தேடுவது எளிது. ஞானஸ்நானப் பதிவில் பையன்களுக்கெல்லாம் ஜோசப், பெண்களுக்கெல்லாம் மரி என்று முதலில் இருக்கும். கூப்பிட்ட பெயர் வழக்கமாகக் கடைசியில்தான் இருக்கும். வழங்குபெயர்களுக்குத் தாங்கே பாதிரியாரின் குடிவழி அகராதியில் (1871–1890) ஏழாம் தொகுதியைப் பார்க்கச் சொல்லுங்கள்.
– பூ.

பூ. அம்மா சொன்னதோடு ஒன்று. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலைகளுக்குப் போனவர்களில் ருவா கிங் ஆனார், புவாவேர் கிரீன்வுட் ஆனார். இவை படைப்பெயரும் அல்ல, நிலப்பெயரும் அல்ல. பொருளைப் பெயர்த்த பெயர்கள். இவற்றையும் வழங்குபெயரில் அடக்கினால் குழம்பும். தனிச்சொல் வேண்டும்.
– இரா.

அதை அடுத்த இழையில் பேசுவோம், நாள் இல்லை. உரைநடையில் வழங்குபெயர், அட்டவணையில் (எ), முதல் பக்கத்தில் இரண்டுக்கும் விளக்கம். மூவர் ஒப்புக்கொண்டார்கள்.
– ச.வே.

வழங்காத பெயர் என்று எது இருக்கிறது? எல்லாப் பெயருக்கும் பொருந்துவது கலைச்சொல் ஆகாது. என் மறுப்பு இருக்கட்டும். இரண்டாம் பதிப்பில் அடைபெயரை மறுபடி எடுப்பேன்.
– ந.க.