ராலிக்கு மாற்றப்பட்ட எஸ்டீம் காரின் ரோல் கேஜைக் கழற்றலாமா?

கேள்வி: கோவை எஸ்டீம்

அனைவருக்கும் வணக்கம். 2006-ஆம் ஆண்டு மாருதி எஸ்டீம் கார் ஒன்றை நான்கு மாதங்களுக்கு முன் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் அதைச் சில ஆண்டுகள் ஆட்டோகிராஸ் என்னும் மண்தடக் கார்ப் போட்டிகளிலும் சிறிய ராலிகளிலும் ஓட்டியிருக்கிறார். எஞ்சின் நன்றாக இருந்ததாலும் விலை குறைவாக இருந்ததாலும் அதிகம் யோசிக்காமல் வாங்கிவிட்டேன்.

காருக்குள் ஆறு முனைகளில் போல்ட் போட்டு இறுக்கிய ரோல் கேஜ் (வண்டி உருண்டால் கூரையைத் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு) இருக்கிறது. ஓட்டுநர் கதவுக்குக் குறுக்கே ஒரு குழாய் செல்கிறது. முன்னால் ஸ்ட்ரட் பார் (முன் சஸ்பென்ஷனின் மேல் முனைகளை இணைக்கும் கம்பி), அடியில் சம்ப் கார்டு (எஞ்சினின் அடிப்பகுதியைக் காக்கும் தகடு), உள்ளே உடலைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு பக்கெட் சீட்டுகள், அவற்றுக்கு நான்கு முனை ஹார்னஸ் (தோள்களையும் இடுப்பையும் கட்டும் பந்தயப் பட்டை). நிறுவனம் கொடுத்த சீட் பெல்ட்டுகளைக் காணவில்லை. பின் இருக்கையை மட்டும் தனியாக மூட்டை கட்டிக் கொடுத்தார்கள்.

இனி இது வீட்டுக்கான கார். என் மனைவி, எட்டு வயது மகள், அம்மா ஆகியோரை ஏற்றிக்கொண்டு ஊருக்குள்ளும் எப்போதாவது பொள்ளாச்சி வரையிலும் போய்வர வேண்டும். ஒரு மெக்கானிக், கேஜைக் கழற்றினால் பாடி தளர்ந்துவிடும், தொடவே கூடாது என்கிறார். இன்னொருவர், கேஸ் கட்டிங்கில் அரை மணி நேரத்தில் அறுத்து எடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். இருவரில் யார் சொல்வதை நான் கேட்பது? நவம்பரில் ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிப்பும் வருகிறது.

மறுமொழி 1: மலைப்பாதைப் பிரியன்

கழற்றாதீர்கள் என்பதே என் கருத்து. அந்தக் காலத்து எஸ்டீமில் ஏர்பேக் இல்லை, தகடும் மெல்லியது. வண்டி உருண்டால் கூரையைத் தாங்குவதற்கு அந்தக் குழாய்களைத் தவிர வேறெதுவும் கிடையாது. பாதுகாப்புக்காகப் பணம் செலவழித்துப் போட்ட இரும்பை, குடும்பத்தோடு போகப்போகிறோம் என்பதற்காகக் கழற்றுவது எனக்குத் தலைகீழாகத் தோன்றுகிறது. பின் இருக்கையைப் பொருத்திவிட்டு, குழாய்களின் மீது நுரை சுற்றிக்கொண்டால் போதாதா?

மறுமொழி 2: வெல்டிங் பட்டறை

மேலே எழுதிய தம்பியின் நோக்கம் நல்லதுதான், ஆனால் அவர் சொல்வதில் பாதி மட்டுமே சரி. நான் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் போட்டிக் கார்களுக்குக் கேஜ் கட்டித் தருகிறேன். கேஜ் என்பது தனியாக ஒரு பாதுகாப்புப் பொருள் அன்று. ஹெல்மெட், ஹார்னஸ், பக்கெட் சீட் ஆகிய மூன்றோடும் சேர்ந்து வேலை செய்யும்படி வகுக்கப்பட்ட ஏற்பாட்டில் அது ஒரு பகுதி. ஹெல்மெட் அணிந்தவரின் தலை குழாயில் மோதினால் என்ன ஆகும் என்றுதான் அதை வகுத்தவர்கள் யோசித்தார்கள். வெறுந்தலை மோதினால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. மூன்று முனை சீட் பெல்ட் அணிந்திருந்தாலும் மோதலின்போது தலை முன்னும் பக்கவாட்டிலும் ஓரடிக்கு மேல் வீசப்படக்கூடும். அந்த எல்லைக்குள் இரும்புக் குழாய் நின்றால், வண்டி உருளாத சாதாரண மோதல்கூட மண்டையைப் பிளந்துவிடும்.

நுரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏசி குழாய்களுக்குச் சுற்றுகிற கருப்பு நுரையைப் பலர் கேஜுக்குப் போடுகிறார்கள். விரலால் அழுத்தினாலே அமுங்கிவிடும் அந்த நுரை, தலை மோதும் வேகத்தில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். போட்டிகளுக்கு எஃப்.ஐ.ஏ. (உலக மோட்டார் பந்தய அமைப்பு) 8857-2001 தரத்தில் கெட்டியான திண்டு உண்டு. அதுவும் ஹெல்மெட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டதே.

இன்னொன்று, உங்கள் கேஜ் எந்தக் குழாயில் செய்யப்பட்டது என்பது. எஃப்.ஐ.ஏ. விதிகளின்படி இருக்கைக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளைவு, தையல் (பற்றவைத்த இணைப்பு) இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாயில், 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. கனமும் கொண்டதாக இருக்க வேண்டும். அந்த வளைவின் காலடிகளில் குறைந்தது மூன்று எம்8 (8 மி.மீ.) போல்ட்டுகளும், 3 மி.மீ. கனத்தில் 120 சதுர செ.மீ. பரப்புள்ள தாங்கு தகடும் தேவை. உள்ளூர்க் கேஜ்கள் பலவற்றை நாற்காலி செய்கிற, தகட்டுக் கன அளவில் 16 கேஜ் எனப்படும் பைப்பில், அதாவது 1.6 மி.மீ. கனத்தில், வளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டது உருளும்போது மடங்கி உள்ளே இருப்பவரையே குத்தும். முதலில் குழாயின் விட்டத்தையும், முடிந்தால் கனத்தையும் அளந்து எழுதுங்கள்.

கேஸ் கட்டிங் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பின் தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது. தளத்தில் ஒட்டிய தார் அட்டையும் ஒயரிங்கும் உடனே பற்றிக்கொள்ளும். போல்ட் போட்ட கேஜை அறுக்க வேண்டிய அவசியம்தான் என்ன?

மறுமொழி 3: பழைய நேவிகேட்டர்

நான் சில ஆண்டுகள் ராலிகளில் ஓட்டுநருக்கு வழி சொல்லும் நேவிகேட்டராக இடது இருக்கையில் உட்கார்ந்தவள். வெல்டிங் பட்டறை அண்ணன் சொல்வதோடு ஹார்னஸைப் பற்றியும் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் உங்கள் காரில் கேஜைவிட அது எனக்கு அதிகக் கவலை தருகிறது. நான்கு முனை ஹார்னஸில் தொடைகளுக்கிடையே வரும் பட்டை கிடையாது. தோள் பட்டைகள் இறுகும்போது அவை இடுப்புப் பட்டையை மேலே இழுத்துவிடும். இடுப்பெலும்பில் இருக்க வேண்டிய பட்டை வயிற்றில் ஏறி உட்கார, உடல் அதற்கடியில் வழுக்கும். தோள் பட்டைகளைச் சீட்டுக்குப் பின்னால் நேராகத் தரையில் இறக்கிக் கட்டியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் மோதலில் அவை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். தோளிலிருந்து பின்னோக்கிப் போகும் சரிவு 45 பாகைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது போட்டி விதி.

பந்தயத்தில் எல்லோரும் கழுத்துக் காப்பும் அணிந்திருப்போம். அது இல்லாமல் தோள்களை மட்டும் இறுகக் கட்டினால், தலை மட்டும் முன்னால் பாய்ந்து கழுத்து அந்தச் சுமை முழுவதையும் வாங்கும். கடைக்குப் போய்வரும் அம்மாவுக்குக் கழுத்துக் காப்பு மாட்டிவிடப் போகிறீர்களா?

உங்கள் மகள் பின்னால் உட்காரப்போகிறாள். கேஜின் பின் தாங்கு குழாய்கள் அவளுடைய தலை உயரத்துக்கு நேராகத்தான் சரிந்து இறங்கும். போட்டி முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு இறங்கும்போது, நின்றிருக்கும் காரிலேயே கேஜில் நெற்றியை இடித்துக்கொண்டு மூன்று தையல் போட்டவள் நான்.

மறுமொழி 4: பதிவுத் தாள்

சட்டம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியைத் திருத்தக் கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, 182ஏ பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். மாற்றம் செய்தவர் முந்தைய உரிமையாளர் என்பது ஆய்வாளர் முன் உங்களுக்கு அதிகம் உதவாது. ஐந்து இருக்கை என்று ஆர்.சி.யில் இருக்கும் காரில் பின் இருக்கை இல்லாததும் கேள்விக்குரியதே. தெரிவிக்கப்படாத மாற்றங்களைக் காரணம் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் சேத இழப்பீட்டை மறுக்கவும் இடமுண்டு.

கோவை எஸ்டீம்

அனைவருக்கும் நன்றி. குழாயின் விட்டம் 38 மி.மீ., எல்லா இடத்திலும் ஒரே அளவு. கதவுக் குழாயின் திறந்த முனைக்குள் விரலை விட்டுப் பார்த்ததில் நீளவாக்கில் ஒரு மேடு தட்டுப்படுகிறது. அதே முனையில் வெர்னியர் வைத்துப் பார்த்தால் கனம் 2 மி.மீ.க்குக் குறைவு. தோள் பட்டைகள் தரையில்தான் கட்டப்பட்டிருக்கின்றன. கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டேன். பாடி தளர்ந்துவிடும் என்ற பயம் மட்டும் போகவில்லை.

மறுமொழி 5: வெல்டிங் பட்டறை

அந்த மேடு தையல்தான். தகட்டைச் சுருட்டிப் பற்றவைத்த குழாய் அது. முதன்மை வளைவும் அதே 38 மி.மீ. என்றால் விதிக்கு வெகு கீழே. உங்கள் முடிவு சரி.

பாடியைப் பொறுத்தவரை, போல்ட் போட்ட கேஜைக் கழற்றினால் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த விறைப்புக்குத் திரும்பும், அதற்குக் கீழே போகாது. ஆனால் கேஜ் வைப்பதற்காக எதையாவது வெட்டியிருந்தாலோ, கரடுமுரடான பாதையில் ஓடி ஓடிப் பாடி விரிசல் கண்டு அதைக் கேஜ் மறைத்துக்கொண்டிருந்தாலோ கதை வேறு. உங்கள் மெக்கானிக் பயப்படுவதில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. எனவே ஒரு போல்ட்டைத் தளர்த்தும் முன் நான்கு கதவுகளையும் திறந்து, ஒவ்வொரு வாசலின் குறுக்கு மூலைகளுக்கு இடையிலான நீளத்தை டேப்பில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பிறகு எல்லா போல்ட்டுகளையும் சிறிது சிறிதாக, சுற்றிச் சுற்றித் தளர்த்துங்கள். கடைசி போல்ட் வரும்போது குழாய் சுண்டிக்கொண்டு விலகினால், கேஜ் பாடியை இழுத்துப் பிடித்திருந்தது என்று பொருள். கழற்றியபின் அளவு 2 அல்லது 3 மி.மீ.க்கு மேல் மாறினால் வண்டியை எடுக்காமல், ஜிக் (பாடியின் அளவைச் சரிபார்த்து நேராக்கும் சட்டம்) உள்ள பாடி ஷாப்பில் காட்டுங்கள். ஸ்ட்ரட் டவரை (முன் சஸ்பென்ஷனின் மேல் முனை பொருந்தும் இடம்) சுற்றியுள்ள ஸ்பாட் வெல்டுகள், முன் தூணின் அடி, பின் ஷாக் அப்சார்பரின் மேல் முனை ஆகிய மூன்று இடங்களிலும் பெயின்டைச் சுரண்டி விரிசல் தேடுங்கள்.

சம்ப் கார்டு இருந்துவிட்டுப் போகட்டும், நம் சாலைகளுக்கு அது நல்லது. ஸ்ட்ரட் பார் ஊருக்குள் எந்த வித்தியாசமும் காட்டாது. ஆய்வாளரிடம் பதில் சொல்ல வேண்டியதைக் குறைக்க அதையும் எடுத்துவிடலாம். புதிய மூன்று முனை பெல்ட்டுகள் வந்து சேரும்வரை ஹார்னஸைக் கழற்றிவிட்டு வண்டியை ஓட்டாதீர்கள். சொல்லப்போனால் அதுவரை வண்டியை எடுக்காமல் இருப்பதே மேல்.

மறுமொழி 6: பழைய நேவிகேட்டர்

பெல்ட்டுகளை மட்டும் பழைய சாமான் கடையில் வாங்க வேண்டாம். சீட்டு வாங்கலாம், கதவு அட்டை வாங்கலாம். மோதிய வண்டியிலிருந்து வந்த பெல்ட் ஒருமுறை இழுபட்டு நீண்டிருக்கும், அது கண்ணுக்குத் தெரியாது.

கோவை எஸ்டீம் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

கேஜ் வெளியே வந்துவிட்டது. மூன்று வாசல்களின் அளவு மாறவில்லை. பின் இடது வாசலில் மட்டும் 1 மி.மீ. வித்தியாசம். விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. ஆனால் பின் இடது காலடித் தகட்டைத் தூக்கியபோது, அடியில் ஈரம் தேங்கி உள்ளங்கை அளவுக்குத் துரு தின்றிருந்தது. ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்குகிறது. தவிர, புதிய பெல்ட்டுகளின் போல்ட் தொலைந்துவிட்டது. நடுத்தூணில் உள்ள துளைக்கு என்ன போல்ட் வாங்குவது? 10 மி.மீ. போல்ட் ஆடுகிறது, 12 மி.மீ. நுழையவில்லை.

மறுமொழி 7: வெல்டிங் பட்டறை

துருப்பிடித்த தகட்டை நல்ல தகடு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய துண்டு பற்றவைக்க வேண்டும்; மேலே புட்டி பூசும் ஆளிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங்குக்கு முன் டேங்கை இறக்கச் சொல்லுங்கள். மற்றக் காலடித் துளைகளைச் சுத்தம் செய்து, பற்றவைத்து அடைத்து, துருத்தடுப்பு பிரைமரும் சீலரும் அடியுங்கள்.

போல்ட் விஷயத்தில் நல்ல வேளையாகக் கேட்டீர்கள். சீட் பெல்ட் போல்ட் மெட்ரிக் அளவு அன்று. பெரும்பாலான கார்களில் அது 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, மி.மீ. கணக்கில் சுமார் 11.1. அதனால்தான் ஒன்று ஆடுகிறது, மற்றொன்று நுழைய மறுக்கிறது. புரி வெட்டும் டேப் போட்டுத் துளையை 12 மி.மீ.க்குப் பெரிதாக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். பெல்ட் வாங்கிய கடையிலேயே சீட் பெல்ட் போல்ட் என்று கேட்டு வாங்கி, முதல் நான்கு சுற்றைக் கையாலேயே திருகுங்கள். கையால் போகவில்லை என்றால் புரியில் பெயின்ட் அடைத்திருக்கும்; ஸ்பானரைத் தொடாமல் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.