வாரண்டுக்குத் தமிழில் என்ன? (பிடியாணை வேண்டாம்)

சித்தூர் டீச்சர்:

குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். எங்கள் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளிகளில் ஒன்பது, பத்தாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்த ஒரு மதிப்பீட்டுத் தாள் தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். இதுவரை கையெழுத்து, ஒற்றுப்பிழை, நாலு மேற்கோள் என்று பார்த்துத்தான் மார்க் போட்டு வந்தோம். சொல்ல வந்ததைப் பிள்ளை நிறுவினானா என்று பார்ப்பதே இல்லை. அதற்காக, ஒரு வாதத்தை உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்க ஆங்கிலத் தத்துவ அறிஞர் டூல்மின் 1958-இல் வகுத்த முறையை எடுத்துக்கொண்டோம். கிளெய்ம் என்பதற்குக் 'கூற்று', டேட்டா என்பதற்குச் 'சான்று' என்று போட்டாயிற்று. சான்றிலிருந்து கூற்றுக்குப் போக வழி காட்டும் வரியை அவர் வாரண்ட் என்கிறார், அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அகராதியைத் திறந்தால் பிடியாணை என்கிறது.

ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன் (ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையில், கேரளத்துக்கு வரும் தண்ணீரை அளக்கும் இடம் மணக்கடவு):

"மணக்கடவில் நமக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் தர வேண்டும் என்று பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே ஆழியாற்றிலிருந்து இன்றே தண்ணீர் திறக்க வேண்டும்."

சான்று சரி. கூற்றும் புரிகிறது. ஆனால் ஆண்டுக்கு இவ்வளவு என்பதிலிருந்து 'இன்றே' எப்படி வந்தது? 'ஆண்டுப் பங்கு என்றாலும் பயிர் கேட்கிற நேரத்தில் வந்தால்தான் அது பங்கு' என்று நடுவில் ஒரு வரி வேண்டும். அவன் மனதில் அது இருக்கிறது, தாளில் இல்லை. அந்த வரிக்குப் பெயர் சொல்லுங்கள்.

நகரி:

எந்தச் சித்தூர் என்று ஒரு நிமிடம் குழம்பிவிட்டேன். எங்களுக்குச் சித்தூர் என்றால் ஆந்திரத்துச் சித்தூர்தான். நீங்கள் கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர் என்று பிறகுதான் புரிந்தது.

'சான்று' பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தூரம். 'ஆதாரம்' என்று போடுங்களேன். தெலுங்கிலும் அதே சொல், அதே பொருள். இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சித்தூர் டீச்சர்:

இங்கே விளக்க வேண்டும் சார். மலையாளத்தில் ஆதாரம் என்றால் நிலப் பத்திரம். கூற்றுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால், வீட்டு ஆதாரம் பேங்கில் இருக்கிறது என்பான். சான்றுக்கு மலையாளத்தில் 'தெளிவு' என்பார்கள். எங்கள் பிள்ளைகள் 'இதற்குத் தெளிவு உண்டு' என்று எழுதுவதும், தமிழ்நாட்டுப் பக்கம் படித்துவிட்டு வந்த ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பதும் வருடா வருடம் நடப்பதுதான். அதனால் 'சான்று' இருக்கட்டும். இப்போது வாரண்ட்.

மறையூர் மாஷ்:

டீச்சர், டூல்மினுக்கு முன்பே இதற்கு விடை இருக்கிறது. மணிமேகலை 29-ஆம் காதையை எடுங்கள். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்று ஐந்து உறுப்பு. இந்த மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால், அடுக்களை போல. புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உள்ள இடம் என்ற தொடர்புதான் நீங்கள் தேடும் வரி. அதைச் சொல்லாமல், இரண்டும் ஓரிடத்தில் இருப்பதை மட்டும் காட்டிவிட்டுப் போவது ஒரு குற்றம் என்று அங்கேயே பட்டியலில் இருக்கிறது. திட்டாந்தப் போலிகளில், அதாவது உதாரணம் காட்டுவதில் வரும் குற்றங்களில், ஒன்று. பெயர் 'அநன்னுவயம்'. உங்கள் பையன் செய்திருப்பது கிட்டத்தட்ட அதுதான். ஆகவே வாரண்ட் என்பது 'அன்னுவயம்'.

இன்னொன்று. மணிமேகலை சமயக்கணக்கரின் வாதங்களைக் கேட்டது வஞ்சியில். அது நம் கொடுங்கல்லூர்ப் பக்கம்.

களியக்காவிளை ஐயா:

வஞ்சி கரூர் என்பாரும் உளர். அதை இங்கே இழுக்க வேண்டாம்.

அன்னுவயம் வடசொல். காப்பியத்தில் இருப்பதாலேயே தமிழாகிவிடாது. என் பரிந்துரை 'கொளுத்து'. கொள் என்ற வேரிலிருந்து வருவது. ஒன்றை மற்றொன்று கொள்ளும்படி செய்வது கொளுத்து. எங்கள் ஊரில் கதவுக் கொக்கிக்கு இன்றும் கொளுத்து என்றுதான் பெயர், மலையாளத்திலும் அதுவே. சான்று ஒரு பலகை, கூற்று ஒரு பலகை, நடுவில் கொளுத்து. இதைவிட என்ன வேண்டும்? தீக்கொளுத்துதலும் இதே வேர்தான் என்பது என் துணிவு. திரி தீயைக் கொள்ளும்படி செய்கிறோம். கொள்ளி, கொள்ளை, கொள்கை எல்லாம் ஒரு குடும்பம். ஒருவன் எதைக் கொண்டிருக்கிறானோ அது கொள்கை. ஆக, வாதத்தின் உட்கொள்கையைக் காட்டுவதற்கும் கொளுத்து...

பொள்ளாச்சி:

ஐயா மன்னிக்கணும். தீ வைக்கிற கொளுத்து, கொளுந்து என்பதன் பிறவினை. அதையும் கொக்கியையும் ஒரே முடிச்சில் கட்ட எனக்குத் துணிவு இல்லை. அது போகட்டும், 'உன் கூற்றைக் கொளுத்து' என்று பத்தாம் வகுப்புத் தாளில் இருந்தால் எங்கள் பக்கத்துப் பிள்ளை தீப்பெட்டியைத் தேடுவான்.

அப்புறம், அந்தப் பையன் கட்டுரை. கொக்கி கிடக்கட்டும், சான்றே போதாது. இந்த ஆண்டு இதுவரை மணக்கடவைத் தாண்டிப் போன தண்ணீர் எவ்வளவு என்று ஒரு கணக்கு வேண்டாமா? அது இல்லாமல் 'இன்றே திற' என்றால்? எங்கள் பக்கமும் அதே திட்டத்துத் தண்ணீரை நம்பித்தான் விவசாயம்.

சித்தூர் டீச்சர்:

சரிதான், அந்த ஓட்டையையும் அவனிடம் காட்டுகிறேன். ஆனால் அணையைப் பற்றிய சண்டையை நாம் இங்கே தீர்க்க முடியாது. இதே கேள்வியை அவன் வகுப்பிலேயே ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பொள்ளாச்சியில் மாமா வீடு. அவன் கணக்கைத் தேடிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.

எதிர்வாதத்துக்கு நான் நன்னூலிடம் போய்விட்டேன். பிறர் கருத்தை நூலாசிரியர் எதிர்கொள்ளும் ஏழு வழிகளை அது எழுவகை மதம் என்கிறது, அதில் ஒன்று 'பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு'. மற்றவன் சொல்வதை முதலில் ஏற்று எடுத்து வைத்து, அப்புறம் களைவது. பிள்ளைகள் எதிர்த்தரப்பை இரண்டு வரியில் திட்டிவிட்டு வெற்றி முழக்கம் போடுகிறார்கள். இனி எதிராளி படித்தால் 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதினால்தான் மார்க். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றத்திலிருந்தும் மாறுகொளக் கூறல் (முன்னுக்குப் பின் முரண்), மற்றொன்று விரித்தல் (பொருளை விட்டு வேறொன்றுக்குப் போவது), சென்று தேய்ந்து இறுதல் (போகப் போக வலுவிழப்பது) மூன்றையும் தாளில் சேர்த்திருக்கிறேன்.

பொள்ளாச்சி:

மற்றொன்று விரித்தலுக்கு உதாரணம் தேவைப்பட்டால் இந்த மடலாடலையே கொடுத்துவிடலாம்.

நகரி:

சொல்லே எதற்கு என்று தோன்றுகிறது. வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் என்ன கேட்போம்? 'அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' தாளில் அந்தக் கேள்வியையே போட்டுவிடலாம். டூல்மின் கொடுத்த உதாரணத்தில் ஹாரி பெர்முடாவில் பிறந்தவன், ஆகவே பிரிட்டிஷ் குடிமகன். சம்பந்தம் என்ன என்று கேட்டால் 'அங்கே பிறந்தவர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள்' என்று பதில் வரும். அதுதான் வாரண்ட்.

மறையூர் மாஷ்:

கேரளத்தில் சம்பந்தம் என்றால் பழைய கல்யாண ஏற்பாடு. பெரியவர்கள் சிரிப்பார்கள்.

சித்தூர் டீச்சர்:

பிள்ளைகள் சிரிக்க மாட்டார்கள் மாஷே, அவர்களுக்கு அந்தக் கதை தெரியாது. கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டத்துக்கு மேலே ஒரு பெயர் வேண்டுமே. 'இணைப்பு நியாயம்' என்று போடலாமா?

களியக்காவிளை ஐயா:

நியாயமும் வடசொல்.

பொள்ளாச்சி:

'அது என்ன நியாயம்' என்று சந்தையில் கேட்காத ஆள் இல்லை ஐயா. எனக்குச் சம்மதம்.

நகரி:

சம்மதம்.

மறையூர் மாஷ்:

அடிக்குறிப்பில் மணிமேகலை வருமென்றால் சம்மதம். புகை, மலை, அடுக்களை மூன்றும் ஒரு வரியில் அடங்கும். அநன்னுவயத்தை விட்டுவிடுகிறேன்.

சித்தூர் டீச்சர்:

அடுக்களை உதாரணம் சேர்க்கிறேன். இங்கே எல்லார் வீட்டிலும் அடுக்களை என்றுதான் சொல்கிறோம், அதனால் அடிக்குறிப்பும் வேண்டாம், உள்ளேயே வரட்டும். 'இணைப்பு நியாயம்' என்றே அனுப்புகிறேன்.

களியக்காவிளை ஐயா:

அனுப்புங்கள் அம்மா. என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும். இணைப்பு என்பது எதையும் எதோடும் ஒட்டும். கூற்றையும் சான்றையும் சும்மா பக்கத்தில் வைத்துவிட்டு இணைத்துவிட்டேன் என்பான் பையன். கொளுத்து அப்படியல்ல, இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். அடுத்த பதிப்பின்போது மறுபடி எழுதுவேன்.

நகரி:

கூற்று எவ்வளவு உறுதி என்று காட்டும் குவாலிஃபையர் என்று டூல்மினில் இன்னொன்று இருக்கிறதே டீச்சர். பெர்முடா ஹாரிக்கு 'அநேகமாக' என்று சேர்ப்பார்களே, பெற்றோர் வெளிநாட்டவராக இருந்தால் கணக்கு மாறும் என்பதற்காக. அதற்கு என்ன போட்டீர்கள்?

சித்தூர் டீச்சர்:

'வரம்பு' என்று போட்டிருக்கிறேன். வியாழன் இரவுக்குள் யாராவது மறுத்தால் பார்க்கலாம்.

களியக்காவிளை ஐயா:

வரம்பு என்பது வயலின் கரை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.