போர்ட் லூயிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்

அண்ணனுக்கும் சங்கத்துச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஜூனில் பிள்ளைகளோடு மொரிசியஸ் வருவதாகவும், ஓட்டல்காரர் போட்டுக் கொடுத்த திட்டத்தில் எல்லா நாளும் கடற்கரைதான் என்றும் எழுதியிருந்தீர்கள். கடல் எங்கேயும் ஓடிப்போகாது. ஒரு நாளைத் தலைநகர் போர்ட் லூயிக்கு எடுத்து வையுங்கள். அதுவும் வேலை நாளாக இருக்கட்டும். சனிக்கிழமை மதியத்தோடு பாதி இடம் மூடிவிடும், ஞாயிறு பெரும்பாலும் மூடித்தான் கிடக்கும்.

காலையிலேயே ஆப்ரவாசி காட். துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது, கட்டணம் கிடையாது. 1834 முதல் 1920 வரை இந்தியாவில் இருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் இந்தத் தீவுக்கு வந்தார்கள். அவர்களை இறக்கிப் பதிவு செய்வதற்காக 1849இல் கட்டத் தொடங்கிய இடம் இது. யுனெஸ்கோ பட்டியலில் 2006இல் சேர்ந்தது. பழைய வளாகத்தில் மிஞ்சியது கொஞ்சம்தான்: வாயில் காவலர் அறை, ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு பகுதி, கொட்டகைகளின் மிச்சம், அப்புறம் கூலிகள் கரையேறிய அந்தக் கருங்கல் படிகள். பக்கத்தில் உள்ள விளக்க மையத்துக்குப் பிள்ளைகளை முதலில் கூட்டிப்போங்கள். கதை தெரியாமல் நேராகப் படிக்குப் போனால், 'வெறும் கல்லுதானேப்பா' என்று திரும்பி நடந்துவிடுவார்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில் இருந்து யாராவது 'மோரிசுக்குப் போனார், திரும்பவில்லை' என்று எந்த வீட்டிலாவது பேச்சு இருந்தால் சொல்லுங்கள். குடியேறியவர்களின் பதிவேடுகள் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயர், ஊர், வந்த கப்பல் எல்லாம் எழுதியிருக்கும்; பலருக்குப் புகைப்படமும் உண்டு. ஆங்கிலேயர் தம் காதுக்குப் பட்டபடி எழுதிய பெயர்கள் என்பதால் தேடுவது லேசான வேலை இல்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு வருவது நல்லது.

அங்கிருந்து மத்தியச் சந்தை நடக்கிற தூரம்தான். பசி வந்தால் தால் பூரி. நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. இரண்டிரண்டாகத்தான் தருவார்கள், நடுவில் மொச்சைக் குழம்பு, தக்காளித் தொக்கு வைத்து, காகிதத்தில் சுருட்டிக் கையில் கொடுப்பார்கள். மிளகாய் வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள், கடைக்காரர் கை தாராளம். கூடவே ஒரு கிளாஸ் அலூடா: பால், சப்ஜா விதை, கடல்பாசி, ஐஸ்.

அடுத்து ப்ளேஸ் தார்ம் சதுக்கம். பனைகளுக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆளுநர் லா பூர்தொன்னே சிலை நிற்கும். 1746இல் ஆங்கிலேயரிடம் இருந்து சென்னையைப் பிடித்தாரே, அவரேதான். இந்த ஊரைக் கட்டப் புதுச்சேரியில் இருந்து தமிழ்க் கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான், கரும்புக் கூலிகள் வருவதற்கு நூறு வருஷம் முன்பே. சிலைக்குப் பக்கத்தில் இதை எழுதி வைக்கலாம், வைக்கமாட்டார்கள்.

கோதான் கடைத்தெருவில் ப்ளூ பென்னி அருங்காட்சியகம். 1847இல் அச்சான இரண்டு தபால்தலைகள்தான் அங்கே விசேஷம். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று, அசலுக்குக் கொஞ்ச நேரம்தான் விளக்குப் போடுவார்கள். மற்ற நேரத்தில் நகல்தான். அடுத்து எப்போது என்று வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். அலைந்து களைத்த சின்னவனுக்கு இதைவிட ஒடிசியோ மீன் காட்சியகம் பிடிக்கும்.

சாயங்காலம் கைலாசம் கோவில், சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன். தமிழில் பேச்சுக் கொடுத்தால் இந்த ஊர்ப் பேச்சான கிரியோலில் பதில் வரலாம். தேவாரம் மட்டும் தமிழில் கேட்கும்.

பாம்பிள்மூஸ் தோட்டத்துக்கு இன்னொரு அரை நாள். தாம்பாளம் போல விளிம்பு மடிந்த ராட்சச அல்லி இலைகளும், ஆயுளில் ஒரே தடவை பூத்துப் பட்டுப்போகும் தாளிப்பனையும் அங்கே பார்க்கலாம். பக்கத்தில் பழைய போ ப்ளான் சர்க்கரை ஆலை இப்போது அருங்காட்சியகம். கடைசியில் விதவிதமான சர்க்கரையை ருசி பார்க்கத் தருவார்கள்.

வாடகைக் கார்க்காரர் 'தொழிற்சாலை விலை' என்று மாதிரிக் கப்பல் கடைக்கோ வைரக் கடைக்கோ வண்டியைத் திருப்பினால், வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். கமிஷன் உங்கள் தலையில்தான் விழும். ஊருக்கு வாங்கிப்போக வனிலா தேயிலை போதும், சாதாரண சூப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஜூனில் இங்கே குளிர்காலம். மேட்டு நிலத்தில் இருக்கும் கியூர்பிப் பக்கம் தங்குவதாக இருந்தால் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், அந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுக்கொள்கிறேன்.