அந்த 115 ஆங்ஸ்ட்ராமைக் கடந்ததை யார் பார்த்தது?

கொக்கிரகுளத்தான்
நேற்று ஒரு அறிவியல் பக்கத்தில் பதிவு ஒன்று. "உடைந்த டி.என்.ஏ.வைச் செல் ஒட்டவைப்பதைக் கிரையோ எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் நேரில் பார்த்துவிட்டார்கள்" என்று தலைப்பு. கிரையோ என்றால் மாதிரியை நொடியில் உறையவைத்து எலக்ட்ரானால் படமெடுக்கும் முறை. கீழே அனிமேஷன். இரண்டு முனைகள் மிதந்து வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஆளாளுக்குப் பகிர்கிறார்கள்.

எரிச்சலாக இருக்கிறது. அவர்கள் காட்டும் ஆய்வு 2021இல் நேச்சர் இதழில் வந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் யுவான் ஹீ குழு செய்தது. அதில் இருப்பவை இரண்டு நிலைகள். ஒன்றில் டி.என்.ஏ. முனைகள் சுமார் 115 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கின்றன (ஒரு ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). மற்றதில் நேருக்கு நேர், ஒட்டத் தயாராக. நடுவில் நடந்தது எதுவும் படத்தில் இல்லை. மைனஸ் 180 டிகிரியில் உறைந்து கிடக்கும் புரதம் எப்படி நகரும்? முதலில் இது, பிறகு அது என்று படமெடுத்த புரதத் துகள் எதில் எழுதியிருக்கிறது?

ரிபோசோம்_ரசிகை
அண்ணே, அந்தக் கட்டுரையை முழுசாகப் படித்தீர்களா? தள்ளி நிற்கும் நிலையில் டி.என்.ஏ.-பி.கே.சி.எஸ். என்ற பெரிய புரதம் இரண்டு இருக்கிறது. கிட்ட வந்த நிலையில் அது இல்லை. கு70, கு80, எக்ஸ்.எல்.எஃப்., எக்ஸ்.ஆர்.சி.சி.4 என்ற பழுதுபார்க்கும் புரதங்களும், முனைகளை ஒட்டும் லிகேஸ் 4உம் இருக்கின்றன. 115 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் லிகேஸ் ஒட்ட முடியாது. ஆகவே தள்ளி நிற்பது முதல், கிட்ட வருவது அடுத்தது. கல்யாண ஆல்பத்தில் முகூர்த்தப் படமும் வரவேற்புப் படமும் இருந்தால் எது முதல் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

கொக்கிரகுளத்தான்
எங்கள் ஊரில் பாதிக் கல்யாணங்களில் வரவேற்பு முந்தின நாள் சாயங்காலமே முடிந்துவிடுகிறது. ஆல்பத்தைப் பார்த்து வரிசை சொன்னால் தப்பாகத்தான் சொல்வீர்கள். நீங்களே "ஆகவே" போடுகிறீர்கள். அது அனுமானம். நல்ல அனுமானமாகவே இருக்கட்டும். பார்த்தது எங்கே?

வெட்டிக்கிளி
முந்தின நாள் வரவேற்பு எல்லாம் மண்டப வாடகைக்காக வந்த வழக்கம். எங்கள் பக்கம் இன்றைக்கும் தாலி கட்டிய பிறகுதான்.

பழைய_படிகம்
இந்தக் கிரையோ ஆட்கள் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடித்த மாதிரி பேச்சு. அந்த டி.என்.ஏ.-பி.கே.சி.எஸ். 4,128 அமினோ அமிலம் கொண்ட ராட்சசப் புரதம். அதைப் படிகமாக்கி, எக்ஸ்-கதிர் பாய்ச்சி 2010இல் வடிவம் காட்டியவர்கள் கேம்பிரிட்ஜின் டாம் ப்ளண்டெல் குழு. 6.6 ஆங்ஸ்ட்ராம் துல்லியம். 2017இல் 4.3 ஆங்ஸ்ட்ராம். அந்தப் படிகங்களுக்குப் பின்னால் எத்தனை வருட உழைப்பு!  இன்று அந்த உழைப்புக்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

ஆய்வக_ஆந்தை
பழைய_படிகம் ஐயா, அதே ப்ளண்டெல் குழுதான் பிறகு கிரையோவுக்கு வந்து டி.என்.ஏ.-பி.கே. (அந்த ராட்சசப் புரதமும் கு70, கு80உம் சேர்ந்த கூட்டு) இரட்டைகளின் வடிவத்தை வெளியிட்டது. படிகமே போதும் என்றால் ஏன் வந்தார்கள்? படிகத்தில் எல்லா மூலக்கூறும் ஒரே மாதிரி அடுக்கி நிற்க வேண்டும். பழுதுபார்க்கும் கூட்டணி அப்படி நிற்காது.

கொக்கிரகுளத்தாருக்கு: நான் இந்தக் கருவியோடு வேலை செய்கிறவன். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கிரிட் என்ற வலைத்தட்டின் மேல் 3 மைக்ரோலிட்டர் கரைசல் விடுவோம். வடிதாள் இரு பக்கமும் ஒற்றி எடுக்கும். மிஞ்சும் மெல்லிய படலத்தோடு கிரிட் திரவ ஈத்தேனில் பாயும். தண்ணீர் பனிப் படிகமாக மாற நேரமே இல்லை, கண்ணாடி போல இறுகிவிடும். அந்தக் கணத்தில் யார் எந்த நிலையில் இருந்தார்களோ அப்படியே நிற்பார்கள். லட்சக்கணக்கான துகள்களைக் கணினி வகை பிரிக்கும். இல்லாத நிலை வராது. இது கற்பனை என்று சொல்வது எங்கள் வேலையை அவமதிப்பது.

கொக்கிரகுளத்தான்
நிலைகள் கற்பனை என்று நான் எங்கே சொன்னேன்? நிலைகள் உண்மை. வரிசை? வகை பிரித்தபோது ஒவ்வொரு துகளும் தன் வயதைச் சொன்னதா? ஆந்தையாரே, ஆமாம் அல்லது இல்லை.

இன்னொன்று. ப்ளண்டெல் குழு காட்டிய இரட்டைகள் இரண்டு விதம். ஒன்று எக்ஸ்.எல்.எஃப். பிணைத்தது, மற்றது கு80இன் வால்முனை பிணைத்தது. இரண்டிலும் முனைகள் தள்ளித்தான் இருக்கின்றன. இவற்றில் எது முதல்? ஒன்று மற்றதாக மாறுமா, இரண்டும் தனித்தனிப் பாதையா? அனிமேஷன் போட்டவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்துவிட்டார். இதற்கும் ஒரு "ஆகவே" போடுங்கள்.

ரிபோசோம்_ரசிகை
வரிசைக்குத் தனி ஆதாரம் இருக்கிறது. 2016இல் ஹார்வர்டில் லோபாரோ, வால்ட்டர் குழுவினர் தவளை முட்டைச் சாற்றில் ஒளிரும் சாயம் ஒட்டிய டி.என்.ஏ.வை விட்டு, மூலக்கூறு மூலக்கூறாகக் கவனித்தார்கள். முதலில் முனைகள் தூரத்தில் பிணைகின்றன, பிறகு நெருங்குகின்றன. அது உயிரோட்டமான கரைசல், உறைந்தது அல்ல. அந்த இரண்டு கட்டங்களுக்குத்தான் 2021இல் வடிவம் கிடைத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழுக் கதை.

கொக்கிரகுளத்தான்
அப்படியானால் வரிசையைக் காட்டியது தவளை முட்டை! பதிவில் தவளை எங்கே? கிரையோ பார்த்தது என்றுதானே எழுதியிருக்கிறார்கள்? நான் கேட்டதற்கு நீங்களே பதில் சொல்லிவிட்டு என்னோடு சண்டை போடுகிறீர்கள்.

ரிபோசோம்_ரசிகை
கிரிஸ்பர் (மரபணுவை வெட்டித் திருத்தும் கருவி) பற்றிய பழைய விவாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள். ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கம். எதிரில் இருப்பவர் சோர்ந்து போனதும் வெற்றி என்று அறிவித்தீர்கள்.

கொக்கிரகுளத்தான்
கிரிஸ்பர் இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்று வரை பதில் வரவில்லை. அதை நினைவூட்டியதற்கு நன்றி.

வெட்டிக்கிளி
படிகமா கிரையோவா என்று அடித்துக்கொள்வதற்கு முன் ஒன்று சொல்கிறேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் ரிபோசோமுக்கு (செல்லில் புரதம் தயாரிக்கும் அமைப்பு) நோபல் வாங்கியது படிகத்தால். பிறகு அவர் ஆய்வகமே கிரையோவுக்கு மாறியது. அவருக்கே தெரிந்திருக்கிறது எது எதிர்காலம் என்று.

பழைய_படிகம்
வெங்கியை இழுத்தால் நான் ஜி.என்.ராமச்சந்திரனை இழுப்பேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963இல் வந்த ராமச்சந்திரன் வரைபடம் (புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று காட்டுவது) இல்லாமல் இன்றைக்கும் எந்தக் கிரையோ மாதிரியும் சரிபார்க்கப்படுவதில்லை. கிரையோவுக்காக 2017இல் நோபல் வாங்கிய உங்கள் துபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவரின் வாரிசுகளும் அந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆய்வக_ஆந்தை
ராமச்சந்திரன் வரைபடம் படிகத்துக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்த சொத்து அல்ல. அவர் எல்லாப் புரதத்துக்கும் சொன்னார்.

கொக்கிரகுளத்தான்
ஆந்தையார் ஊர்ப் பெருமைக்குள் ஒளிந்துகொண்டார். என் கேள்வி அங்கேயே நிற்கிறது. வெவ்வேறு நேரங்களில் உறையவைத்து, எந்த நிலை கூடுகிறது, எந்த நிலை குறைகிறது என்று காட்டியிருந்தால் வரிசை கிரையோவுடையது என்று ஒப்புக்கொள்வேன். நீங்கள் காட்டவில்லை.

ஆய்வக_ஆந்தை
ஒளியவில்லை, கிரிட் ஏற்றிக்கொண்டிருந்தேன். வயதைத் துகள் சொல்லாது, சரி. ஆனால் வேதியியல் சொல்கிறது. டி.என்.ஏ.-பி.கே.சி.எஸ். தன் ஜோடியின் மேல் பாஸ்பேட் ஏற்றிய பிறகுதான் இடத்தைக் காலி செய்கிறது. போனதற்குப் பின் நெருக்கம். இதை மறுக்க உங்களிடம் ஒரு பரிசோதனையாவது இருக்கிறதா? கேள்வி கேட்பது சுலபம். அதிகாலை 3 மணிக்கு வடிதாள் சரியாக ஒற்றாமல் முழுக் கிரிட்டும் வீணாகும்போது தெரியும் இந்த இரண்டு நிலைகளின் விலை.

கொக்கிரகுளத்தான்
உழைப்பை மதிக்கிறேன். உழைத்தால் பார்த்ததாகிவிடாது. "செல் ஒட்டவைப்பதை" என்ற சொல்லையும் விட்டுவைக்கப்போவதில்லை. சுத்திகரித்த புரதங்களும் சோதனைக்கூடத்தில் செய்த டி.என்.ஏ. துண்டும் இருந்தன. செல் எங்கே?

வெட்டிக்கிளி
செல்லையே உறையவைத்துப் பார்க்க முடியாதா?

ஆய்வக_ஆந்தை
முடியும். உறைந்த செல்லை அயனிக் கற்றையால் சீவி, 200 நானோமீட்டருக்கும் குறைவான தகடாக்கி, சாய்த்துச் சாய்த்துப் படமெடுத்து முப்பரிமாணமாக்குவார்கள். ரிபோசோம் நன்றாகத் தெரியும். அது எண்ணிக்கையில் அதிகம், அடையாளமும் தெளிவு. உட்கருவில் உடைப்பு நடந்த இடம் மிக அரிது. சுற்றிலும் குரோமாட்டின் (டி.என்.ஏ.வும் புரதமும் சுருண்ட பொதி) நெரிசல்.

கொக்கிரகுளத்தான்
ஆக, செல்லிலும் பார்க்கவில்லை, நகர்வதையும் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்துக்கு இதை எழுதி அனுப்பியிருக்கிறேன். அனிமேஷனின் கீழே "இடைப்பட்ட நகர்வு ஊகம்" என்று போடும் வரை விடமாட்டேன்.

ரிபோசோம்_ரசிகை
அனுப்புங்கள். அதோடு 2016 கட்டுரையின் பெயரையும் சேர்த்து அனுப்புங்கள். "ஊகம்" என்று மட்டும் போட்டால் அதுவும் பொய்தான். நானும் அவர்களுக்கு எழுதுகிறேன்.

பழைய_படிகம்
எழுதுவதாக இருந்தால் 2010 படிகத்தையும் சேருங்கள்.