பொருள்: ‘சிறுநீரக நீரகநீக்கி’ தேவையா?

ஈசூன், மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, மூத்தோருக்கான துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிங்கப்பூர்த் தேக்காவின் நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கும் அதிமதுரத்தை நாள்தோறும் கஷாயம் வைத்துக் குடித்தால் இரத்த அழுத்தம் ஏறலாம், பொட்டாசியம் குறையலாம். அதன் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் குடலில் சிதைந்து உண்டாகும் அமிலம், சிறுநீரகத்தில் ஒரு நொதியை முடக்குகிறது: 11-பீட்டா ஹைட்ராக்ஸிஸ்டீராய்டு டிஹைட்ரஜனேஸ், வகை 2. கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றுவது அதன் வேலை. அது முடங்கினால், உப்பைத் தேக்கும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனுக்கு உரிய ஏற்பியில் கார்ட்டிசோல் போய் உட்கார்ந்து உப்பைத் தேக்கிவிடுகிறது. 70 வயதுப் பாட்டி வாசிக்கும்படி இந்த நொதிக்கு ஒரு பெயர் தாருங்கள்.

ஜூரோங், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
இதில் குழப்பம் என்ன? ஹைட்ரஜன் என்றால் நீரகம்; அதை நீக்கும் டிஹைட்ரஜனேஸ் நீரகநீக்கி. மகர ஈறு கெட்டுப் புணர்ந்த நல்ல தமிழ். ‘அதிங்கம்’ இருக்க ‘அதிமதுரம்’ என்று எழுதுவதையும் விடலாம்.

தெம்பனிஸ், உயிரியல் ஆசிரியர்:
ஐயா, ‘சிறுநீரக நீரகநீக்கி’ என்று ஒருமுறை உரக்கப் படித்துப் பாருங்கள். சிறுநீரகத்தையே வெட்டி எடுக்கிறார்கள் என்று பாட்டி பயந்துவிடுவார். அதிங்கம் என்று கேட்டால் கடைக்காரரும் விழிப்பார்.

ஜூரோங்:
அதற்காக ஹைட்ரஜனையே சுமப்பதா? நீரை ஆக்குவது என்ற பொருளில் 1787இல் லவாய்சியேயும் தோழர்களும் வைத்த பெயர் அது. அப்படியானால் ‘நீராக்கி’ என்பதே நேர்ச்சொல். இலங்கைப் பாடநூல்களின் ‘ஐதரசன்’ வெறும் ஒலிபெயர்ப்பு. ‘நொதியம்’ என்ற அவர்கள் வழக்கு மட்டும் எனக்குப் பிடிக்கும். அந்த ‘அம்’ விகுதியைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

ஈசூன்:
ஐயா, வெள்ளிக்கிழமை!

தெம்பனிஸ்:
செயலைப் பார்த்துப் பெயர் வைப்போம்: ‘கார்ட்டிசோல் மாற்றி நொதி’. ஆங்கிலப் பெயரே நேர்மையானது இல்லை. கல்லீரலில் மிகுந்திருக்கும் வகை 1, உடலுக்குள் பெரும்பாலும் ஹைட்ரஜனைச் சேர்த்துக் கார்ட்டிசோனைக் கார்ட்டிசோலாக்குகிறது. அதையும் நீக்கி என்றா சொல்வீர்கள்?

ஜூரோங்:
அங்கே மாறுவது கார்ட்டிசோன். உங்கள் பெயரும் அதற்குப் பொருந்தவில்லையே!

ஈசூன்:
அறிக்கையில் வகை 1 வரவே இல்லை. எனவே ‘கார்ட்டிசோல் மாற்றி நொதி’ என்றே அனுப்புகிறேன். வேறு மூவரும் தனிமடலில் சரி என்றார்கள், இருவர் ‘எதுவானாலும் சரி’ என்றார்கள். இந்த நொதி பிறவியிலேயே பழுதாகிச் சிறுவயதில் இரத்த அழுத்தம் ஏறும் அரிய நோயைப் பற்றி மருத்துவர்களுக்கான குறிப்பு ஒன்று அடுத்து வருகிறது. அதில் நீளப் பெயரை ஒலிபெயர்த்தே எழுதுவேன்.

ஜூரோங்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். விகுதி பற்றிய மடல் நாளை வரும்.