1971 எம்ஜிபி: ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று அரைக்கிறது, கியர்பாக்ஸைக் கழற்றியே ஆக வேண்டுமா?

கென்ட் ரோட்ஸ்டர்:

வணக்கம் நண்பர்களே. நான் இங்கிலாந்தில் கென்ட் பக்கம் இருக்கிறேன். போன வசந்த காலத்தில்தான் ஒரு 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வாங்கினேன், ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டி, ரொம்ப நாள் ஆசை. இப்போது கியர் படுத்துகிறது. அரைமணி நேரம் ஓடிச் சூடான பிறகு சிக்னலில் நின்றால் முதல் கியர் விழ மறுக்கிறது, மல்லுக்கட்டித்தான் போட வேண்டும், ரிவர்ஸ் போட்டாலோ பல் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதும் ஒரு கரகரப்பு, அது மட்டும் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது அதிகம். எஞ்சினை அணைத்துவிட்டால் எல்லா கியரும் ஒரு விரலால் தள்ளினாலே விழுகின்றன.

பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு கியர்பாக்ஸை முழுசாகப் பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எம்ஜிபியில் எஞ்சினையும் சேர்த்துத் தூக்கினால்தான் பாக்ஸ் வெளியே வரும் என்பதால் செலவை நினைத்தாலே பயமாக இருக்கிறது. வேறு வழி ஏதாவது உண்டா?

எண்ணெய்க்கை:

எஞ்சினைத் தூக்காதீர்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: அணைத்தால் கியர் விழுகிறது, ஓடினால் விழவில்லை. அப்படியென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கிளட்சைத்தான். நீங்கள் பெடலை மிதித்த பிறகும் கிளட்ச் தட்டு முழுதாக விடுபடாமல் கியர்பாக்ஸின் உள்தண்டைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி சூடான பிறகு, நின்ற இடத்தில் நியூட்ரலில் வைத்து, பெடலை அடிவரை மிதித்து மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள், பிறகு ரிவர்ஸ் போடுங்கள். ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழுமுன் பற்களின் வேகத்தைச் சமன்செய்யும் உராய்வு வளையம்) கிடையாது, அதனால் அது எதையும் மறைக்காது. பத்து எண்ணியும் அரைத்தால் கிளட்ச் இழுக்கிறது. உங்கள் வண்டியில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ உண்டு (1967 வரை வந்த எம்ஜிபிகளில் முதல் கியருக்கு இல்லை), அந்த சிங்க்ரோ வளையம் சுற்றிக்கொண்டிருக்கும் தண்டை நிறுத்தப் போராடுவதால்தான் முதல் கியர் உங்களோடு மல்லுக்கட்டுகிறது.

அடுத்தது வண்டிக்கு அடியில். பெடலை மிதித்தால் மேலே மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைத் தள்ளும், கீழே ஸ்லேவ் சிலிண்டர் அதை வாங்கி புஷ்ராடு என்ற கம்பியால் ஃபோர்க்கைத் தள்ளும், அந்த ஃபோர்க்தான் கிளட்சை விடுவிக்கும். இன்னொருவரை பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு ஸ்லேவ் சிலிண்டரின் புஷ்ராடு எவ்வளவு நகர்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலம், அதாவது 12 அல்லது 13 மில்லிமீட்டர் வர வேண்டும். இந்த கிளட்சில் திருகிச் சரிசெய்ய எந்த நட்டும் இல்லை, அதனால் அளவு குறைந்தால் எங்கோ ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது காற்று புகுந்திருக்கிறது.

பார்க்க வேண்டியவை: பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் பின். அது பாதி தேய்ந்து, துளை முட்டை வடிவமாகியிருக்கும், நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் இப்படித்தான். கீழே கிளட்ச் ஃபோர்க்கில் உள்ள பின். அப்புறம் ரப்பர் ஹோஸ், பழசானால் அழுத்தத்தில் உப்பிக்கொள்ளும், சூட்டில் இன்னும் இளகும். சிலிண்டர்களின் உள்விட்டம் மாஸ்டருக்கு முக்கால் அங்குலம், ஸ்லேவுக்கு ஒன்றேகால் அங்குலம் என்பதால் மேலே 3 மில்லிமீட்டர் வீணானால் கீழே சுமார் 1 மில்லிமீட்டர்தான் குறையும். ஆனால் ஃபோர்க் பக்கத்துத் தேய்மானம் அப்படியே முழுசாக ஃபோர்க்கின் நகர்விலிருந்து கழிந்துவிடும், அதனால் கீழ்ப் பின்னை விட்டுவிடாதீர்கள்.

பச்சை மிட்ஜெட்:

எண்ணெய்க்கை சொன்னது சரி. ஆனால் இரண்டாவது கியர் காலையில் மட்டும் அரைப்பது வேறு கதை என்று நினைக்கிறேன். பாக்ஸில் என்ன எண்ணெய் இருக்கிறது? எம்ஜிபி பாக்ஸுக்கு 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில்தான். பலர் கியர்பாக்ஸ் தானே என்று கெட்டியான ஜிஎல்-5 ரக கியர் ஆயிலை ஊற்றிவிடுகிறார்கள். அது வழுக்கல் அதிகம், சிங்க்ரோ வளையத்துக்குப் பிடிப்பு கிடைக்காது, அதிலுள்ள கந்தகச் சேர்மானம் வெண்கல வளையங்களுக்கும் ஆகாது. வடிக்கும்போது முகர்ந்து பாருங்கள், அந்த நெடியே சொல்லிவிடும். ஓவர்டிரைவும் அதே எண்ணெயில்தான் ஓடுகிறது, அதனால் அதன் அடித் தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் வடிகட்டியைக் கழுவுங்கள். வழுக்கலைக் கூட்டும் எந்தச் சேர்மானத்தையும் புதிய எண்ணெயில் கலக்க வேண்டாம், ஓவர்டிரைவின் கிளட்ச் நழுவும்.

கென்ட் ரோட்ஸ்டர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். புஷ்ராடு 8 மில்லிமீட்டர்தான் நகர்ந்தது! இரண்டு பின்னும் நடுவில் பள்ளம் விழுந்து கிடந்தன, ஹோஸைக் கையில் பிடித்துக்கொண்டு பெடலை மிதிக்கச் சொன்னால் அது பருப்பது விரலில் தெரிந்தது. பின்களையும் ஹோஸையும் மாற்றி, ஸ்லேவுக்குப் புது ரப்பர் சீலும் போட்டேன். காற்றை எடுப்பதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது, பெடலை மிதித்து மிதித்துக் கால் வலித்ததே மிச்சம். கடைசியில் முன்சக்கர பிரேக் காலிப்பரின் நிப்பிளுக்கும் (காற்றை வெளியேற்றும் சிறு திருகு முனை) ஸ்லேவின் நிப்பிளுக்கும் ஒரு குழாயை மாட்டி, பிரேக்கை மிதித்துக் கீழிருந்து மேலே திரவத்தை ஏற்றினேன், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. இப்போது 12 மில்லிமீட்டர் வருகிறது, சூடான பிறகும் ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது.

எண்ணெயும் நீங்கள் சொன்ன மாதிரியே, கந்தக நெடி. மாற்றிவிட்டேன். இரண்டாவது கியர் நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் முதல் ஒரு மைல் இன்னும் லேசாக அரைக்கிறது.

எண்ணெய்க்கை:

ரொம்ப சந்தோஷம். அந்த இரண்டாவது கியரின் வளையம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். அதற்காக இப்போது பாக்ஸைத் திறக்க வேண்டாம். குளிர்ந்திருக்கும்போது மூன்றிலிருந்து நியூட்ரலுக்கு வந்து கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி மிதித்து இரண்டைப் போடுங்கள், சிங்க்ரோவின் வேலையை எஞ்சினே செய்துவிடும். கியர் தானாக நழுவி வெளியே வந்தாலோ, எண்ணெயில் உலோகத் துணுக்குகள் தெரிந்தாலோ மட்டும் எஞ்சினைத் தூக்குங்கள். அன்றைக்கு கிளட்ச் தட்டு, கார்பன் ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது ஃபோர்க் கிளட்சின் மேல் அழுத்தும் கார்பன் வளையம்), கிராங்க் முனையில் இருக்கும் சிறிய புஷ், மூன்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். அதுவரை சிக்னலில் பெடலை மிதித்தபடி காத்திருக்காமல் நியூட்ரலில் போட்டுவிடுங்கள், அந்தக் கார்பன் மிதித்திருக்கும் நேரமெல்லாம் தேய்ந்துகொண்டிருக்கும்.